புலுனிகள் கத்திய இடம்

இன்று காலை வேலியோரம் புலுனிக் குருவிகள் கத்தத் தொடங்கியதும், என்னவென்று பார்க்க ஓடிய மகளின் கையை என்னையறியாமல் இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

சாம்பல் நிறம், மஞ்சள் சொண்டு, ஏழெட்டாய்த்தான் திரியும், நாள் முழுக்கச் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். ஆனால் பாம்போ கீரியோ பதுங்கியிருக்கக் கண்டால் அதன் தலைக்கு மேலே கூடி நின்று, அது போகும்வரை விடாமல் கத்தும். எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் வீட்டு வளவுக்குப் பின்னால், வாவிக்கரைச் சேற்றில் மரங்கள் மண்டிய கண்ணாக்காட்டில், அந்தச் சத்தம் கேட்காத காலையே இல்லை.

நான் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது, இளம் பொடியன்களைப் பிடிக்க ஆமி ஊரைச் சுற்றிவளைத்த அன்று அண்ணன் அந்தக் காட்டுக்குள் கழுத்தளவு சேற்றில் ஒளித்திருந்தான். ஆமிக்காரர் எங்கள் குசினிப் பானைகளைக் கிளறிக்கொண்டிருக்கையில் புலுனிகள் தொடங்கின, சரியாக அவன் இருந்த புதருக்கு மேலே. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தா. ஒருவன் துவக்கை நீட்டியபடி அந்தப் பக்கம் நடந்தான்.

“பாம்பு கிடக்கு மாத்தயா, அதான் குருவி கத்துது,” என்று அம்மா கையைப் பாம்புப் படம்போல் வளைத்துக் காட்டினா.

அவன் நின்றான். அவனும் புலுனி பார்த்து வளர்ந்தவன்தான் போல. குருவிகளை அண்ணாந்து பார்த்தான், அம்மாவின் கையைப் பார்த்தான், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தான். திரும்பிப் போனான்.

அடுத்த கிழமை ஆமிக்காரர் வந்து கண்ணாக்காட்டை அடியோடு வெட்டினார்கள். அதற்கடுத்த சுற்றிவளைப்பில் ஒளிக்க இடமில்லாமல் அண்ணன் முற்றத்திலேயே நின்றான். அவனைக் கொண்டுபோகும்போது ஒரு புலுனியும் கத்தவில்லை.