பொன்னாடைக்கு இறக்கிய ட்ராக்

பிரெஞ்சுப் பாடகர் ஒருவரின் கடைசிக் கச்சேரிக்கு ஒலி பார்த்தவன் நான் என்றால் பிள்ளைகள் கண்ணை விரிக்கிறார்கள். விரிக்கத் தேவையில்லை. அந்த மனிதர் அதற்கு முன்பும் இரண்டு தடவை கடைசிக் கச்சேரி வைத்தவர், பிறகும் வைத்தார். பெயரை எழுதி இன்னொரு விளம்பரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

1

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் மிசிசாகாவில் ஒரு சவுண்ட் கொம்பனியில் எனக்கு மூன்று மாத புரொபேஷன். முடிய ஒரு கிழமைதான் இருந்தது. நிரந்தரமானால் வேலைக்கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு வந்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருந்த என் மனைவி மாலதிக்கு ஸ்பொன்சர் விண்ணப்பம் போடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். என்னைச் சேர்த்துவிட்டவர் அங்கே தலைமை எஞ்சினியராக இருந்த குணம் அண்ணை. அதற்கு முன் நான் பழகிய சவுண்ட் எல்லாம் ஸ்காபரோ பள்ளிக்கூட மண்டபங்களில் எங்கள் தமிழ் இசைக்குழுக்களோடுதான்.

அந்தக் கிழமை எங்கள் கொம்பனிக்கு வந்த வேலைதான் அந்தக் கச்சேரி. பாடகருக்கு இளமையில் நாலு பாட்டு நன்றாக ஓடியதாம். அந்த நாலையும் முப்பது வருடமாக ஊர் ஊராகக் கொண்டு திரிந்தார். முடிக்குச் சாயம், பல்லுக்கு வெள்ளை, குரலுக்கு முன்பே பதிந்த கசற்.

"கசற் ட்ராக்கிலை வாத்தியத்தோடை அவரின்ரை குரலும் கிடக்கு. பாட்டு நடக்கேக்கை மைக் ஃபேடர் கீழையே கிடக்கட்டும், தொடாதை. இடையிலை கதைச்சா மட்டும் ஏத்து," என்றார் குணம் அண்ணை.

"அப்ப அவர் என்ன செய்வார், அண்ணை?"

"வாயசைப்பார். சனத்துக்கு அது காணும்."

2

ஞாயிறு பின்னேரக் காட்சி. மண்டபம் நிறைய வயதானவர்கள். அவருடைய பெயர்போன காதல் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, எழுபது வயதிருக்கும், ஒரு அம்மா படியேறி மேடைக்கு வந்தார். தன் பட்டுச் சால்வையைக் கழற்றி அவர் தோளில் போட்டார்.

எங்கள் மேடையில் பொன்னாடை போர்த்தினால் சவுண்ட்காரன் உடனே வாத்தியத்தின் சத்தத்தை இறக்கி மைக்கை ஏற்ற வேண்டும். போர்த்தியவரின் பெயர் எல்லோருக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவர் ஆறு மாதம் எங்களோடு கதைக்க மாட்டார். நூறு தடவை செய்து பழகிய கை, யோசிக்கவில்லை. ட்ராக்கை இறக்கி மைக்கை ஏற்றிவிட்டேன்.

வாய் பாடிக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் கேட்டது மூச்சிரைப்பு மட்டும். பிறகு அதுவும் நின்றது. ட்ராக்கைத் திரும்ப ஏற்றப் போனேன்.

அதற்குள் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கிவிட்டார் அந்த அம்மா. நடுங்கினாலும் சுருதி விலகாத குரல். முன்வரிசை சேர்ந்தது, பிறகு மண்டபமே பாடியது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாடாத மனிதர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

பின்மேடையில் அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மனேஜரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் குணம் அண்ணை வந்தார்.

"ஏனடா உதைச் செய்தனீ?"

"அந்த அம்மா சால்வை போட்டவ, அண்ணை. கை தானாப் போச்சுது."

"உவங்களுக்குப் பொன்னாடை தெரியுமோ? நானும் கதைச்சுப் பாத்தனான். கேக்கிறாங்கள் இல்லை. நாளைக்கு வராதை, தம்பி."

3

அடுத்த கிழமை பத்திரிகையில் பெரிய படம். இசையை நிறுத்தி, பாட்டை ரசிகர்களுக்கே கொடுத்த கலைஞராம். பல வருடமாக மனதில் வைத்திருந்த யோசனை என்று பேட்டியும் கொடுத்திருந்தார். வெட்கமே இல்லை. பிறகு போன ஊரெல்லாம் அதே பாட்டில் அதே இடத்தில் ட்ராக் நின்றது. சால்வை போடுவதற்கென்று ஒரு அம்மாவும் கூடவே பயணம் செய்ததாகக் குணம் அண்ணை சொன்னார். இன்றைக்கும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எழுதுவது அந்த அடக்கத்தைப் பற்றித்தான்.

நான் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். வேலைக்கடிதம் இல்லாமல் மாலதியின் விண்ணப்பம் பிந்தியது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஒத்திகையில் மைக்கைத் திறந்து ஒரு வரி பாடச் சொல்லுங்கள். பாட மாட்டேன் என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள். அவருடைய புகழில் மாலதியின் ஒன்றரை வருடம் இருக்கிறது. அவ்வளவு காலமும் அவள் அந்த லொட்ஜ் அறையில் தனியாக இருந்தாள்.