இரண்டரைக் கட்டையில் பாடிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா மானாம்பதியில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினோம். அவருக்குப் படிக்க ஆசை இருந்தது. தப்பு எங்களுடையது.

அக்காவுக்குக் கனத்த குரல். போனை எடுத்தால் எதிர்முனையில் "சார்" என்பார்கள். அதை நோய் என்றே நினைத்தோம். கல்யாணம் வரை சித்தரத்தைக் கஷாயம் குடிக்க வைத்தோம். கடையில் வாங்கி வந்தவன் நான். பெண் பார்க்க வந்தவர்களிடம் தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னவனும் நான். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா மட்டும் சிரித்தார். "கட்டின தொண்டையே நல்லாத்தான் கீது, அப்டியே வுடுங்க" என்றார்.

கல்யாணமாகிப் போன உத்திரமேரூரில் அக்கா தையல் மெஷின் மிதித்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மார்கழி பஜனையில் பாட வேண்டும் என்பதைத் தவிர தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அங்கே பெண்களுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி. அவ்வளவு உயரம் அக்காவுக்கு எட்டாது. பஜனையை நடத்திய பெரியவர் தாளத்தைக் கையில் கொடுத்து, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். பன்னிரண்டு மார்கழி அப்படியே போனது.

ரவிக்கை தைக்க வந்த பாட்டு டீச்சர் ஒருவர், வேலை செய்தபடி அக்கா பாடியதைக் கேட்டார். பெண்களில் மிகத் தணிந்த குரல் இது, அபூர்வமாகத்தான் அமையும், மேல்நாட்டுச் சங்கீதத்தில் இதற்கு கான்ட்ரால்டோ என்று பெயர் என்றார். அன்று மாலையே அக்கா எனக்கு போன் செய்தார்.

"டேய், என்னுது நோவு இல்லியாம்டா. அதுக்குன்னு ஒரு பேரே கீதாம்."



அந்த மார்கழியில் பஜனை ஆர்மோனியக்காரரிடம் அக்கா இரண்டரைக் கட்டையில் எடுக்கச் சொன்னார். பொம்பளைங்க சுருதி தெரியாதா என்று பெரியவர் அதட்டினார்.

"தெரியும்ங்க. எனக்கு இதான் சுருதி" என்றார் அக்கா.

ஆர்மோனியக்காரர் சுருதியை இறக்கினார். அக்கா பாடினார். இரண்டாவது பாட்டில் மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். தெரு முடிவில் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார்: "இன்னாக்கா, மின்னாடியே சொல்லக் கூடாதா? இத்தினி வருசம் தொண்ட கிழிய கத்திக்கினு இருந்தமே."

அதற்குப் பிறகு ஏழு மார்கழி பாடினார். சிறுநீரகம் கெட்டு, போன ஐப்பசியில் போய்விட்டார்.

டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை செங்கல்பட்டுக்கு அழைத்துப்போன ஆட்டோ தம்பிக்கு நன்றி. டீச்சர் அம்மாவுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் நன்றி. அந்தப் பெரியவருக்கும் நன்றி எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

அக்கா இல்லாத மார்கழியில், பெரியவர் பழையபடி ஐந்தரையில் எடுக்கச் சொன்னாராம். பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். இரண்டரைக்கு இறக்கிய பிறகுதான் பாடினார்களாம். அந்தப் பெண்கள் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

— தம்பி