ஆயிலண்ணன் கூப்பிடாத டாக்டர்

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டே ரகம். கதவு லேசாக முனகினாலும் போனை எடுப்பவர்கள் ஒரு ரகம். நடு மாடியில் ஆள் மாட்டிக்கொண்டு அலறும்வரை வருஷ கான்ட்ராக்ட் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோகிறவர்கள் இன்னொரு ரகம். ஆயிலண்ணனுக்கு இரண்டாவது ரகத்தைத்தான் பிடிக்கும். மரியாதை தெரிந்தவர்கள் என்பார்.

எந்தப் பழுதானாலும் ஸ்பேனரைத் தொடுமுன் எண்ணெய்க் குப்பியை எடுப்பவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஷாஃப்ட் வேலைதான். லிஃப்ட் மேலும் கீழும் போய்வருகிற அந்த உயரமான இருட்டுக் கூட்டுக்குள், கேபினின் கூரைமேல் நின்றுகொண்டு, கயிறுகளையும் தண்டவாளங்களையும் பார்த்துக்கொண்டே மாடி மாடியாக ஏறும் வேலை. அந்த நாற்றமும் இருட்டும் அவருக்குச் சொந்த வீடு மாதிரி. அவருடைய மனைவியின் தம்பிதான் கூட வேலை செய்கிற ஜோடி. ஒருவர் கூரைமேல் நின்றால் ஒருவர் மோட்டார் அறையில் இருப்பார்.

முதல் ரகத்துக்கெல்லாம் தலைவி ஒருவர் இருந்தார். பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் சின்னதாக கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டிவலி; லிஃப்ட் நின்றால் கிளினிக்கே நின்ற மாதிரி. அதனால் இரண்டாம் மாடியில் ஏதோ டொக்கென்கிறது, கதவு மூடுமுன் யோசிக்கிறது என்று ஓயாமல் போன் வரும். மச்சினன் அவர் குரலில் பேசிக் காட்டினால் ஆபீஸே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த டாக்டரிடம் போய்த் தங்கள் இருவர் பெயரையும் மனைவி பதிந்துவிட்டு வந்தபோது ஆயிலண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மனைவி பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவள். சுற்றி வளைத்துப் பேச வராது. பழைய ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி இடுப்பு ஒடிய உட்கார்ந்து, கடைசியில் உள்ளே போனால், இவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அங்கே மருந்துச் சீட்டு எழுதி முடிந்திருக்கும். இந்த ஏற்பாடு வேறு என்றாள். மாதாமாதம் ஒரு தொகை கட்டிவிட வேண்டும், போனாலும் போகாவிட்டாலும். அதற்குப் பதிலாக டாக்டர் கொஞ்சம் குடும்பங்களைத்தான் எடுத்துக்கொள்வார். போன் செய்தால் அவரே எடுப்பார். அன்றைக்கோ மறுநாளோ பார்த்துவிடலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை உட்காரலாம், சின்ன விஷயமென்றால் போனிலேயே முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் படுப்பது, பெரிய ஸ்கேன், இதயத்துக்கு, காதுக்கு என்று தனித்தனி டாக்டர் எல்லாம் இதில் வராது. அதற்கு இன்சூரன்ஸ் கார்டைக் கைவிடக் கூடாது. இவ்வளவையும் சட்டையை மடித்துக்கொண்டே சொல்லி முடித்து, முதல் தடவை மட்டும் நேரில் போய் உடம்பை முழுசாகக் காட்டிவிட்டு வரவேண்டும் என்றாள்.

"மிஷின் நல்லா ஓடுது. எதுக்கு மூடியைக் கழட்டணும்?"

"ஓடுற லிஃப்டுக்கு நீங்க மட்டும் மாசாமாசம் போய் என்ன பூசையா பண்றீங்க?"

அவர் செருப்பைத் தேடுவதில் மும்முரமானார்.

போகவில்லை. இன்றைக்கு வேலை, நாளைக்கு மழை என்று தள்ளிக்கொண்டே வந்தார். வாயால் சொன்ன காரணம், சும்மா சும்மா போய் நச்சரிக்கிற ஆள் தான் இல்லை என்பது. சொல்லாத காரணம் வேறு. கொஞ்ச நாளாக அவருக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும், காதுக்குள் ஒரு இரைச்சல் எழும்பி அடங்கும். ஷாஃப்டில் ஏறுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் தகுதிக் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்த வருஷக் கடிதத்துக்கு நேரம் நெருங்கியிருந்தது. தலை சுற்றுகிறது என்று வாயைத் திறந்தால் ஆபீஸில் புகார் வாங்குகிற போன் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு முறை உட்கார்ந்தவர் யாரும் திரும்ப மேலே ஏறியதை அவர் பார்த்ததில்லை. உடம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கடிதம் எழுதிக் கொடுக்கிற ஒரு கிளினிக் இருந்தது. அங்கேயே போய்க்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார்.

மச்சினன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு குடியிருப்பில் கூரைமேல் வேலையாக இருந்த ஆயிலண்ணன், எழுந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்து கயிற்றைக் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்த மச்சினன் லிஃப்டை அணைத்துவிட்டுத்தான் பேசினான்.

"மாமா, இனி உங்ககூட மேல ஏற மாட்டேன். அக்காகிட்ட நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

"தூசி மாப்ள. கண்ணுல தூசி."

"தூசி பட்டா கண்ணைக் கசக்குவாங்க. உட்கார மாட்டாங்க."

இரண்டு நாள் அவகாசம் வாங்கினார். அதற்குள் டாக்டரம்மாவின் போன் வந்தது, கதவில் கிறீச் என்கிறதாம். கூரையேறாத வேலை என்று மச்சினன் சம்மதித்தான். ஆயிலண்ணன் குப்பியோடு தனியாகப் போனார். மேல்மாடியில் மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தைத் துடைத்து எண்ணெய் விட்டார். கிறீச் போய்விட்டது. நன்றி சொல்ல டாக்டரம்மா வெளியே வந்தார். இவர் எழுந்தார். எழுந்ததும் கை சுவரைத் தேடியது.

டாக்டரம்மா பதறவில்லை. முழங்கையைப் பிடித்துத் தரையிலேயே உட்கார வைத்து, அவரும் பக்கத்தில் குந்தினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான்."

"சரி. உள்ள வாங்க."

அப்பாயிண்ட்மென்ட் இல்லையே, கையெல்லாம் கிரீஸ் என்று இழுத்தார். மத்தியானத்தில் சில மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதே இந்த மாதிரி வருகிறவர்களுக்காகத்தான் என்று சொல்லி, டாக்டரம்மா ஒரு பழைய துணியைக் கட்டில்மேல் விரித்தார்.

படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். நிற்க வைத்து மறுபடி பார்த்தார். நின்றதும் எண் மடமடவென்று இறங்கியது. இதயத் துடிப்பை வரையும் ஒயர்களை ஒட்டினார். அப்புறம் அவசரமே இல்லாமல் கேள்வி கேட்டார். என்ன சாப்பிடுகிறார், தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார், எப்போது எழுந்துகொள்கிறார். பாதிக் கேள்விக்குப் பொய் சொல்லலாம் என்றுதான் ஆயிலண்ணன் உட்கார்ந்தார். ஆனால் ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே அந்த அம்மாள் சும்மா காத்திருந்தார். அந்த அமைதியில் பொய் சொல்லக் கூச்சமாக இருந்தது. தலைசுற்றல், போன் மேசை, கடிதம் எழுதித் தரும் அந்தக் கிளினிக் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நான் சின்னச் சத்தத்துக்கெல்லாம் கூப்பிடுறேன்னு உங்க ஆபீஸ்ல சிரிக்கிறீங்களாமே?"

"யாரு சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான். என் லிஃப்ட் ஒரு தடவையாவது ஆளோட நின்னிருக்கா அண்ணா?"

"இல்லைங்க."

"பின்ன நீங்க ஏன் என்னைக் கூப்பிடலை?"

ஆயிலண்ணன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். வீட்டிலிருக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. மனைவி பஸ் வேலை முடிந்து, வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்து, மேசைமேல் கவிழ்த்தாள்.

டாக்டரம்மா இரண்டு அட்டைகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. வெள்ளை, பழைய டாக்டர் பிரஷருக்குக் கொடுத்தது. சிறுநீரகக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அங்கே கொடுத்தனுப்பியது மற்றது. இவர் இதற்கொன்று அதற்கொன்று என்று இரண்டையும் தவறாமல் விழுங்கிவந்தார். கம்பெனிகள் வேறு, பெட்டிகள் வேறு. உள்ளே இருந்தது பிரஷருக்கும் கல்லுக்கும் கொடுக்கிற ஒரே மருந்து; இரட்டை அளவு உள்ளே போய்த்தான் நின்றதும் பிரஷர் இறங்கியது.

"கல்லுக்குன்னுல்ல நினைச்சேன்" என்றார் ஆயிலண்ணன்.

"இவர் எதையும் வீணாக்க மாட்டார் டாக்டர்" என்றாள் மனைவி.

ஒன்றை நிறுத்தி, மற்றதைத் தொடரச் சொன்னார் டாக்டரம்மா. எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது, எழும்போது உட்கார்ந்து மூச்சுவிட்டு எழ வேண்டும். இதயத்தையும் ஒரு முறை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டால்தான் தன்னால் கையெழுத்துப் போட முடியும். அதை வேறு டாக்டரிடம் செய்ய வேண்டும், தானே பேசி நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அதற்குத் தனிக் காசா என்று ஆயிலண்ணன் முகம் சுளித்தார்.

"உங்க வருஷ கான்ட்ராக்ட்ல கயிறு மாத்துறது சேருமா?"

"சேராது. பார்க்கிறதும் எண்ணெய் விடுறதும்தான். கயிறு தனி பில்."

"இங்கயும் அப்படித்தான். இன்சூரன்ஸ் கார்டை எடுத்துட்டுப் போங்க."

கார்டு எங்கே இருக்கிறது என்று ஆயிலண்ணன் மனைவியிடம் கேட்டார்.

கையெழுத்து வரும்வரை போன் மேசைதான். உள்ளதைச் சொல்லி அவரே கேட்டு உட்கார்ந்துகொண்டார். மேலாளர் சரியென்று நாற்காலியைக் காட்டினார், மச்சினன் மட்டும், "ஆபீசர் சார், நாற்காலி சுகமா?" என்று போகிற வருகிற நேரமெல்லாம் சீண்டினான். வீட்டில் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எண்களை டாக்டரம்மாவுக்கு அனுப்பினார். "நல்லது" என்றோ "தண்ணீர் போதவில்லை" என்றோ பதில் வரும். ஒருநாள் இடது காதில் அரிக்கிறது என்பதைக்கூட எழுதிவிட்டு, அனுப்பியபின் வெட்கப்பட்டார். குச்சி போடாதீர்கள் என்று பதில் வந்தது.

தலைசுற்றல் நின்றது. ஸ்கேனில் அவர் வயதுக்கு உரிய தேய்மானத்துக்கு மேல் ஒன்றுமில்லை. இருந்தும் டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. மறுபடி படுக்க வைத்தார், நிற்க வைத்தார், அறையிலிருந்த முக்காலிமேல் ஏறி இறங்கச் சொன்னார். கடிதத்தில் ஷாஃப்ட் வேலை செய்யலாம் என்று எழுதி, இடுப்புப் பட்டி கட்டாமல் ஏறக் கூடாது, மூன்று மாதத்தில் திரும்பக் காட்ட வேண்டும் என்று கீழே சேர்த்தார். இந்த இரண்டு நிபந்தனையும் இல்லாத கடிதத்தை அந்த இன்னொரு கிளினிக் உடனே கொடுத்திருக்கும். ஆயிலண்ணன் இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கேபின் கூரைமேல் குந்தி, பட்டியைக் கம்பியில் மாட்டினார். மேலே மோட்டார் அறையிலிருந்து மச்சினன் தயாரா என்று கேட்டான். பதில் வர நேரமானது.

"என்ன மாமா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. மூச்சு விட்டுட்டு எந்திரிக்கிறேன். டாக்டர் சொல்லியிருக்காங்க."

எழுந்தார். கயிறு கயிறாகவும் சுவர் சுவராகவும் அதனதன் இடத்தில் நின்றன.

"ம், ஏத்து."