பாய்க்கு ஒரு இலை

சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவங்களுக்கு சமைக்கிறதுகூட கஷ்டம் இல்லீங்க, எவரு எந்த மாசத்துல எதைத் தொட மாட்டாருன்னு ஞாபகம் வெச்சிக்கிறதுலதான் பாதி உசிரு போயிடும். கரண்டி புடிச்ச ஆளுங்க எல்லாருக்கும் இந்த பேஜாரு தெரியும். புரட்டாசி, மாலை, காப்பு, நோன்பு, எங்க தவசு காலம்னு வருஷம் முழுக்க யாராவது ஒருத்தர் எதையாவது விட்டிருப்பாங்க.

என் பேரு ரோசி, ராயபுரத்துல வூடு. எங்க கூட்டணியில மூணு பேரு. பிரியாணி ஆக்குற தேக்சாவும் அடுப்பும் பஷீர் பாயோடது. தம் போடறதுல அவரை அடிச்சிக்க இந்தப் பக்கம் ஆளில்ல. மாரி எர்ணாவூர்லேர்ந்து வருவா. வெங்காயம் உரிக்கிறதுலேர்ந்து பந்தி கவனிக்கிற வரைக்கும் அவ ராஜ்ஜியம்தான்.

இதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு குறை. எங்க சபையில அறுவடைக்கு நன்றி சொல்ற அறுப்பின் பண்டிகைக்கு அன்பின் விருந்து வெப்பாங்க. காணிக்கையா வந்த ஆட்டை எங்க ஆளுங்களே அறுப்பாங்க, நான் பிரியாணி போடுவேன். பாய் தேக்சா குடுத்து, கூடவே நின்னு தம்மும் பாத்துக் குடுப்பாரு. ஆனா சாப்பிட மாட்டாரு. அவங்க முறைப்படி அறுக்காத கறியாச்சே. அடுப்போரம் நின்னுகினே ரெண்டு வாய் சாம்பார் சாதத்தைப் போட்டுகினு, "எனக்கு இன்னாவோ சாம்பார்தான் புடிக்கும் ரோசி"ன்னு பொய் சொல்லுவாரு. பேரு அன்பின் விருந்து, அடுப்பு மூட்டின மனுஷனுக்கு இலை இல்ல. ஒரு வருஷமாவது அவரு எங்ககூட குந்தி அந்த பிரியாணியைத் துன்னணும்னு எனக்கு அவ்ளோ ஆசை.

உப்பு பாக்க ஆள் இல்ல

ஈஸ்டருக்கு முந்தி வர்ற எங்க தவசு காலமும் பாயோட நோன்பும் ஒண்ணா வந்த வருஷம் அது. வியாசர்பாடியில ஒரு பேர் வெக்கிற விசேஷம். குழந்தையோட அப்பா கௌதம்னு ஃபுட்பால் கோச், புத்தர் படத்தை நடுவுல வெச்சி ஜோரா பண்ணிகினு இருந்தாரு. மட்டன் பிரியாணிதான் ஆர்டர். மசாலா கொதிக்குது, வாசனை தூக்குது, உப்பு பாக்கணும். நான் நாப்பது நாளும் கறி தொட மாட்டேன். பாய் தண்ணிகூட குடிக்கல. சரி, மாரி பாப்பான்னு திரும்பினா, அங்காளம்மனுக்குக் காப்பு கட்டிகினு மஞ்சக் கையைக் காட்றா. அரிசி போடற நேரம் தாண்டிகினு போவுது, மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பாத்துகினு நிக்கிறோம்.

வேற வழியில்லாம, பேரு வெக்கப் போன கௌதமைக் குழந்தையோட இழுத்தாந்து கரண்டியை நீட்டினேன். அவரும் ஊதி ஊதிக் குடிச்சிட்டு, இன்னும் ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் எலுமிச்சம்பழம்னு கணக்கா சொன்னாரு. அன்னிக்கு ஒரு பருக்கை மிஞ்சல. கிளம்பறப்ப அவரு சொன்னாரு: "உங்க மூணு பேரு சாமியும் ஒண்ணா சேந்து, கடைசியில என்னை சமையல்காரனாக்கிட்டாங்கக்கா."

ரெண்டு பூஜை, ஒரு பசி

திருவொற்றியூர்ல ஒரு நிச்சயதார்த்தம். பொண்ணு எங்க ஆளுங்க, மாப்பிள்ளை வூட்டுல முருக பக்தருங்க. மதிய சாப்பாடு இலையில விழுந்தாச்சு. பொண்ணோட பெரியப்பா எழுந்து ஜெபம் பண்ண ஆரம்பிச்சாரு. ஆதாம் ஏவாள்லேர்ந்து தொடங்கி மெதுவா வராரு மனுஷன். அவரு ஆமென் சொல்லி முடிச்சதும், மாப்பிள்ளையோட அம்மா முதல் இலைக்கு முன்னாடி கற்பூரம் காட்டணும்னாங்க. இப்ப சண்டை வரப்போவுதுன்னு நினைச்சேன். ஆனா அந்தப் பெரியப்பாவே எழுந்துபோய் ஃபேனை நிறுத்தி, கற்பூரம் அணையாம கையால மறைச்சிகினு நின்னாரு. பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

கலங்காத ஆளு ஒருத்தரே ஒருத்தர்தான். விம்கோ நகர்லேர்ந்து வந்திருந்த மாமா ஒருத்தர், அப்பளத்தைப் பாத்துகினே குந்தியிருந்தவரு, என்னைக் கூப்பிட்டு மெல்ல சொன்னாரு: "ரெண்டு வூட்டு சாமியும் சாப்பிட்டாச்சு, இப்பவாவது அந்த சாம்பாரை ஊத்தும்மா."

கறியில்லாத கஞ்சி

தர்மராஜ் மாமா எங்க சபை கமிட்டியில மூத்தவரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. நல்ல மனுஷன், ஆனா ஒண்ணு புடிச்சா விட மாட்டாரு. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சின்னா அவருக்கு உசிரு. வருஷா வருஷம் தூக்குச்சட்டியை எடுத்துகினு சாயங்காலம் முதல் ஆளா போய் நிப்பாரு. அங்க கஞ்சி காய்ச்சறதும் நம்ம பாய்தான், கொத்துக்கறி போட்டு.

தவசும் நோன்பும் ஒண்ணா வந்துதுன்னு சொன்னேனே, அந்த வருஷம் மாமாவுக்கும் தவசு, கறி கிடையாது. பாய் இன்னா பண்ணாரு தெரியுமா? பெரிய தேக்சா பக்கத்துல சின்னதா ஒரு சட்டி வெச்சி, கறி போடாம தனியா கஞ்சி காய்ச்சினாரு. மாமாவுக்கும் எனக்கும் அதுலேர்ந்துதான் ஊத்துவாரு. நான் பாத்துட்டேன். "மாமா கையில சொல்லாதே, அப்பால கூச்சப்பட்டுகினு வராம போயிடுவாரு"ன்னாரு. நானும் வாயை மூடிகினேன். மாமாவுக்கு ஒண்ணியும் தெரியாது. ஒரு நாள் தூக்கும் கையுமா என் வூட்டு வாசல்ல நின்னு, ரொம்ப சந்தோஷமா சொன்னாரு: "பாத்தியா ரோசி, என் தவசு கெடக்கூடாதுன்னு கர்த்தர் இந்த வருஷம் பள்ளிவாசல் கஞ்சியிலேயே கறியை நிறுத்திட்டாரு."

கமிட்டியில கறிச் சண்டை

அதே வருஷம் அறுப்பின் பண்டிகை வந்துது. கமிட்டியில போய்க் கேட்டுட்டேன். இந்த வாட்டி ஆட்டை பாய்க்குத் தெரிஞ்ச கறிக்கடைக்காரரை வெச்சி அறுப்போம், அவரும் நம்மகூட குந்தி சாப்பிடட்டும்னு. ஆடு குடுத்தது தர்மராஜ் மாமா. முடியாதுன்னுட்டாரு. "ஞாயித்துக்கிழமை நீங்க கறி வாங்குறது யாரு கடையில மாமா"ன்னு கேட்டேன். "அது என் வயித்துக்கு. இது கர்த்தருக்குன்னு குடுத்த ஆடு. இன்னொருத்தர் ஜெபத்துல அறுத்தா நம்ம காணிக்கை எப்படி ஆவும்?"னாரு. அவரு கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். நிஜமாவே மனசு உறுத்திதான் கேட்டாரு.

ஆனா எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. "யார்கூட குந்தக்கூடாதுன்னு ஊரு சொல்லிச்சோ அவங்க வூட்டுல போய் சாப்பிட்டவரு நம்ம ஏசு. மாரிக்குப் புரட்டாசின்னு வருஷா வருஷம் தனியா சாம்பார் வெக்கிறோம். பாய்க்குன்னா மட்டும் காணிக்கை கெட்டுடுமா?"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் நிக்கல. "உங்க கஞ்சியில கறியை நிறுத்தினது கர்த்தர் இல்ல மாமா, பஷீர் பாய். தனிச் சட்டி வெச்சி, தண்ணிகூட குடிக்காத வாயோட, உங்க தவசுக்காகக் காய்ச்சினாரு"ன்னு போட்டு உடைச்சிட்டேன்.

மாமா எழுந்தாரு. செருப்பை மாட்டிகினு போயிட்டாரு. வயசான மனுஷனை நாலு பேரு எதிர்ல அப்படிச் சொல்லிட்டமேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. போதகர் ஐயா என் பக்கத்துல வந்து குந்தினாரு. "ரோசி, கர்த்தர் நிறுத்தினாருன்னு அவர் சொன்னதும் சரி, பாய் நிறுத்தினாருன்னு நீ சொன்னதும் சரி. கர்த்தருக்கு எப்பவும் ஒரு ஆள் தேவைப்படுது."

ஆட்டைக் காணோம்

பண்டிகை அன்னிக்கு விடியக்காலம் எங்க சபைக் கோயில் காம்பவுண்டுக்குப் போனா, பூசணி இருக்கு, வாழைத்தார் இருக்கு, ஆட்டைக் காணோம். "யக்கா, கயிறுகூட இல்ல"ன்னு மாரி தலையில கை வெச்சிகினா. மாமா கோவத்துல ஆட்டைத் திருப்பி ஓட்டிகினு போயிட்டாருன்னே நினைச்சேன். இன்னைக்கு சபையாருக்கு விருந்து போச்சு, எல்லாம் என் வாயாலன்னு வெறும் அடுப்பைப் பாத்துகினு நின்னேன்.

கொஞ்ச நேரத்துல ஒரு ஆட்டோ வந்து நிக்குது. ஒரு பக்கம் பாய் இறங்கறாரு, இன்னொரு பக்கம் மாமா இறங்கறாரு, நடுவுல ஈரத்துணி போட்டு மூடின அலுமினிய அண்டா. "காலங்காத்தால கதவைத் தட்றாங்க. திறந்தா மாமாவும் ஆடும் நிக்கிறாங்க. ரெண்டு பேரும் பேசல"ன்னு பாய் சிரிக்கிறாரு. மாமா என் மூஞ்சைப் பாக்காம மாரியைப் பாத்து, "அறுக்கறதுக்கு முன்னாடி நானும் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணிட்டேன், கறிக்கடைக்காரரும் அவங்க முறைப்படி ஓதி அறுத்துட்டாரு. அடுப்பை மூட்டச் சொல்லு"ன்னாரு. நான் முந்தானையில மூஞ்சைத் தொடைச்சிகினு அடுப்பை மூட்டினேன்.

மத்தியானம் பந்தி போட்டாங்க. பாய் பழக்க தோஷத்துல சாம்பார் வாளிப் பக்கம் போனாரு. மாமா கையைப் புடிச்சி இழுத்தாந்து தன் பக்கத்துல குந்த வெச்சி, இலையில அவரே பிரியாணியை வெச்சாரு. "தின்னுங்க பாய், இதுக்கோசரம் நான் ரெண்டு நாளா தூங்கல"ன்னாரு. நான் கரண்டியும் கையுமா நிக்கிறேன். மாரி அவளோட சாம்பார் இலையை விட்டுட்டு எழுந்து வந்துட்டா. மொத்த பந்தியும் பாய் வாயையே பாக்குது. பாய் பிஸ்மி சொன்னாரு, ஒரு வாய் எடுத்தாரு, நிதானமா மென்னாரு, கண்ணை மூடினாரு. அப்பால என்னை நிமிர்ந்து பாத்து சொன்னாரு: "ரோசி, உப்பு கொஞ்சம் கம்மி."

விருந்தாளியா வந்தவங்க எல்லாம் இத்தனை வருஷமா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாங்க, உப்பு கம்மின்னு சொல்ல அன்னிக்குத்தான் எங்க பந்தியில வூட்டு ஆளு ஒருத்தர் வந்து குந்தினாரு.