ஆறடிப் படமும் அதற்கொரு சுவரும்

1. வான் கழுவிய திங்கட்கிழமை

நான் பரந்தனில் ஒரு ஸ்ரூடியோவில் பிறேம் அடிக்கிறவள். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் அடியும் அங்குலமும் எனக்குப் பிழைப்பதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எங்கள் முதலாளி சுதன் தம்பியிடம், விலைகூடிய மீடியம் போர்மட் கமரா வாங்கலாமா என்று கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டுவார். எனக்கு ஆட்களுக்கு முன்னால் கதை வராது. அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் வேலைக்கு வந்தபோது சுதன் தம்பி ஸ்ரூடியோ வான் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். மழை பெய்தால்தான் அந்த வானுக்குக் குளிப்பு. அன்றைக்குச் சவர்க்காரம் போட்டு, சில்லுக்கெல்லாம் துணி பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"விக்கப்போறன் அக்கா," என்றார்.

அவருடைய மனைவியின் தம்பி நிமல் சுவிஸிலிருந்து லீவில் வந்திருந்தார். வரும்போது அந்த மீடியம் போர்மட் வகையில் ஒரு கமராவும் கொண்டுவந்திருந்தார். சாதாரணக் கமராவை விட உள்ளே இருக்கிற சென்சர் பெரியது. அதனால் படத்தில் எந்த மூலையைப் பிடித்து எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாது. நிமல் அதைப் பாதி விலைக்குத் தரத் தயார். ஆனால் அந்தப் பாதி விலைக்கே வானும், ஸ்ரூடியோவில் இருந்த இரண்டு கமராக்களும் போகவேண்டும். நிமல் திரும்பிப் போக மூன்று கிழமை இருந்தது. அதுவரைக்கும் பாவித்துப் பார்த்து முடிவு சொல்லலாம் என்று பேச்சு.

வான் இல்லாமல் கல்யாண வீடுகளுக்கு லைற், ஸ்ராண்ட், அல்பம் எல்லாம் எதில் கொண்டுபோவது என்று எனக்குள் கேள்வி வந்தது. கமரா விஷயம் தெரிந்தவர்கள் கதைக்கிற இடம், நமக்கேன் என்று பிறேமுக்குப் பீடிங் சட்டம் வெட்டப் போய்விட்டேன்.

2. பொம்பிளையின் பரு

முதல் பரீட்சை கிளிநொச்சியில் ஒரு கல்யாணம். சுதன் தம்பி பெரிய கமராவைத் தூக்கினார். பழையதில் ஒன்றை நிமல் வைத்திருந்தார். தாலி கட்டுகிற நேரம் ஆட்கள் முண்டியடித்தார்கள். பெரிய கமரா குறி பிடிக்கக் கொஞ்சம் யோசித்தது. அது யோசித்து முடிக்கையில் மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது. நல்ல காலம், பழைய கமராவில் அது வந்திருந்தது.

ஆறுதலாக இருத்தி எடுத்த படங்கள் வேறு மாதிரி. அவை அப்படி ஒரு வடிவு. பட்டுச் சேலையின் இழையை எண்ணலாம் போல இருந்தது. ஆனால் ஒரு படத்தைத் திறக்க எங்கள் கொம்பியூட்டர் எடுத்த நேரத்தில் நான் ஒரு பிறேமின் நாலு மூலையும் அடித்து முடித்துவிடுவேன்.

கல்யாணப் பொம்பிளையின் தாய் படம் பார்க்க வந்தா. கனநேரம் பார்த்தா.

"வடிவுதான் தம்பி. ஆனா பெத்த எனக்கே தெரியாது, பிள்ளையின்ர முகத்தில இவ்வளவு பரு இருக்கெண்டு. இதை ஏன் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவான்?"

பிறகு இரண்டு நாள் சுதன் தம்பி இருந்து ஒவ்வொரு பருவாக அழித்தார். நிமலுக்குச் சிரிப்பு. "அத்தான், இவ்வளவு காசு குடுத்துப் பருவை எடுக்கிறம், பிறகு மினக்கெட்டு இருந்து அழிக்கிறம்," என்றார். சுதன் தம்பி சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் கமராவில் ஆசை வைத்தாகிவிட்டது.

3. கடற்கரையில் அறுபத்துமூன்று பேர்

அடுத்த கிழமை முல்லைத்தீவுக் கரையிலிருந்து மதலேனம்மா வந்தா. அவவும் கணவரும் கல்யாணம் கட்டி ஐம்பது வருசம். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், எல்லாரையும் ஒரே படத்தில் எடுத்துப் பெரிதாக மாட்டவேண்டும் என்றா. சுதன் தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! இந்தக் கமராவுக்கென்றே வந்த வேலை அது.

எங்கள் ஸ்ரூடியோவில் பெரிய படம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் நூல்தான் கேட்பேன். சுவரில் படம் வரப்போகிற இடத்தை நூலால் பிடித்து வெட்டிக்கொண்டு வரச் சொல்வேன். அளவுநாடா எல்லா வீட்டிலும் இல்லை, இருந்தாலும் அங்குலத்தைச் சென்ரிமீற்றர் என்று சொல்லிவிடுவார்கள். நூல் பொய் சொல்லாது. பிறேம் அடித்த பிறகு அந்த நூலில் பெயரைக் கட்டி ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைப்பேன். அடுத்த படத்துக்கு வரும்போது உதவும்.

மதலேனம்மா கொண்டுவந்தது வலை பின்னுகிற நூல். பிடித்துப் பார்த்தேன், ஏழடி. இவ்வளவு பெரிய சுவரா என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி. மனுசன் தன்ர கையால பாகம் போட்டு அளந்தவர்," என்றா.

கையை விரித்து அளக்கிற அளவு அது. கடலில் ஆழம் பார்க்கிறவர்களுக்குப் பிழைக்காது என்று நினைத்து மேலே கேட்கவில்லை. அது என் பிழை.

படம் எடுக்கிற அன்று சேலைத் தலைப்புகளைச் சரிசெய்ய நானும் போனேன். அறுபத்துமூன்று பேர். மணலில் கதிரை போட்டு மதலேனம்மாவையும் கணவரையும் இருத்தி, மற்றவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்தோம். வவுனியாவில் பெருப்பித்துப் பிரிண்ட் போட்டு வந்தது, ஆறடி அகலம், நாலடி உயரம். அவ்வளவு பெரிய பிறேம் நான் அதற்கு முதல் அடித்ததில்லை. கண்ணாடி தாங்காதென்று லமினேற் பண்ணிப் பலகையில் ஒட்டினோம்.

4. அந்தோனியாரா, ஆறடியா

வானில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்தச் சுவர் இல்லை.

மதலேனம்மாவின் கணவர் அளந்த அன்று வீட்டுக்குள்ளே வெளிநாட்டுப் பெட்டிகளும் நித்திரை கொள்ளும் பேரப்பிள்ளைகளுமாகக் கால் வைக்க இடமில்லையாம். மனுசன் வெளியில் நின்று சுவரைப் பிடித்து அளந்திருக்கிறார். வீட்டுத்திட்டத்தில் கட்டிக்கொடுத்த சின்ன வீடு. வெளியில் ஒரே சுவர், உள்ளே அதுவே இரண்டு அறை, ஒரு யன்னல். யன்னல் இல்லாமல் மிச்சமாயிருந்த ஒரே சுவரில் அந்தோனியாரின் சுரூபம் வைத்த பலகைத்தட்டு.

"கடல்ல எனக்கு ஒரு நாளும் பாகம் பிழைச்சதில்லை," என்றார் கணவர்.

"கடலுக்கு நடுவில ஆரும் அறை பிரிக்கேல்லை. இப்ப அந்தோனியாரை இறக்கிப்போட்டு உங்களை ஏத்தச் சொல்லுறியளோ?" என்றா மதலேனம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மண்ணுக்குள் போகலாம் போல இருந்தது. படத்தை முற்றத்து வேப்பமரத்தில் சாத்தி வைத்தோம். அயலெல்லாம் கூடிவிட்டது. ஒவ்வொருவரும் கிட்டப் போய்த் தன்னைத் தேடினார்கள். கண் மூடியவர், பல்லு மறைத்தவர், மாமியின் தோளில் நுள்ளிய சின்னவன், ஒருவரும் தப்பவில்லை.

பிறகு மதலேனம்மா போய் நின்றா. அவ பார்த்தது வரிசையில் நின்ற ஆட்களை அல்ல. பின்னால், தூரத்தில், ஒரு வள்ளத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவரை. அவவின் சொந்தத் தம்பி. ஏதோ வள்ளப் பிரச்சினையில் நாலைந்து வருசமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கொண்டாட்டத்துக்குச் சொல்லியும் அனுப்பவில்லை. நாங்கள் எடுக்கும்போது அவரை ஒருவரும் கவனிக்கவில்லை. சின்னக் கமராவென்றால் அது ஒரு புள்ளி.

அவ விரலை வைத்துக் காட்டினா. மனிதர் முகச்சவரம் செய்திருந்தார். சேட் புதிது. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை.

"வெளிக்கிட்டு வந்து நிண்டிருக்கிறான்," என்றா மதலேனம்மா. "கூப்பிடுவினம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான்."

கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பின்னால் அந்தத் தம்பி இருந்தார். படத்தைக் கரையிலிருந்த மீனவர் சங்கக் கட்டடத்துக்குத் தூக்கிப்போய் மாட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆள் நல்ல உயரம். ஏணி தேவைப்படவில்லை. அன்று மத்தியானம் எங்களுக்கும் இறால் கறியோடு சோறு. சாப்பிட்டு முடித்து வெளிக்கிட விடவில்லை, பிறகும் போட்டார்கள்.

5. பிஸ்கட் ரின்

வரும் வழியில் சுதன் தம்பிக்கு ஒரே உசார். "பாத்தீங்களோ அக்கா? இதுக்குத்தான் இந்தக் கமரா," என்றார். வானுக்கு ஆள் பார்த்தாகிவிட்டதாம், வெள்ளிக்கிழமை எடுக்க வருவார்களாம்.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த மடிப்புக் கோட்டை நானும் பார்த்தேன். அதுதான் என்னை இரண்டு நாள் வாய் திறக்கவிடாமல் வைத்தது. வியாழக்கிழமை நிமலும் அவரும் ஸ்ரூடியோவில் இருக்கும்போது, பிஸ்கட் ரின்னைக் கொண்டுபோய் மேசையில் கொட்டினேன். கை நடுங்கியது.

"என்ன அக்கா இது?"

ஒவ்வொரு நூலாக நீட்டி வைத்தேன். இருபத்தைந்து வருச வீடுகள். பரந்தன், கிளிநொச்சி, புளியங்குளம், எல்லாச் சுவரும் மேசையில் கிடந்தன. மூன்றடி தாண்டியது ஒன்றுமில்லை, அந்த வலைநூலைத் தவிர.

"தம்பி, நல்ல கமராதான்," என்றேன். "இதுக்கேத்த சுவர் எங்கட பக்கத்தில ஒண்டுதான் இருக்கு. அதிலயும் படம் மாட்டியாச்சு."

நிமல் சிரிக்கத் தொடங்கினார். சுதன் தம்பி நூல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய் திறந்ததுதான் திறந்தேன் என்று மிச்சத்தையும் சொன்னேன். "வாற மாசம் ஒரே முகூர்த்தத்தில புளியங்குளத்தில ஒண்டு, செட்டிகுளத்தில ஒண்டு எண்டு ரெண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறியள். ஒரு கமராவோட, வானும் இல்லாமல், ரெண்டு தாலியை எப்பிடி எடுப்பியள்?"

அவருக்குக் கோபமோ என்று பயந்தேன். பிறகு வலைநூலைக் கையில் சுற்றிக்கொண்டு, "இதை ஏன் அக்கா முதல் நாளே சொல்லேல்லை?" என்று கேட்டார்.

6. இப்போது

வான் வாங்க வந்தவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோம். நிமல் கமராவைத் திரும்பக் கொண்டுபோனார். லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவருவார். அந்த நாட்களில் பள்ளிக்கூடம், சங்கம், பெரிய குடும்பம் என்று கூட்டப் படங்களை ஒன்றுசேர்த்து வைத்து எடுக்கிறோம். அந்த இரண்டு கல்யாணத்திலும் ஒரு முடிச்சும் தவறவில்லை.

ஆகவே பிள்ளைகள், அந்தக் கமரா அதன் விலைக்குப் பெறுமதியானதா என்றால், பெறுமதிதான். உங்களிடம் வருகிறவர்கள் படத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக மாட்டப்போகிறார்கள் என்று பாருங்கள். பெரிய சுவர்கள் நிறைய இருந்தால் வாங்குங்கள். வருசத்தில் ஒன்றிரண்டுதான் என்றால் இரவல் போதும். சுவரை உள்ளே நின்று அளக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கிடைத்த பாடம் வேறு. கமராக் கதை பெரிய ஆட்களின் கதை என்று நான் மூன்று கிழமை பேசாமல் இருந்தேன். ஆனால் படம் கடைசியில் எந்தச் சுவரில் தொங்கும் என்பது எங்கள் ஸ்ரூடியோவில் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் வேலை சின்ன வேலையென்றாலும், அதில் உங்களுக்குத் தெரிந்ததை நேரத்துக்குச் சொல்லிவிடுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை.