கடற்கரைச் சொந்தம்

வாசல் கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டே உறவுமுறையை ஒப்பிக்கிறார் பல்லத்தை. "உன் மாமனாருக்கு ஒரு சித்தப்பா இருந்தாரு, ரயில்வேல வேலை பாத்தவரு. அவரோட மூத்த பொண்ணு நான். உனக்கு அத்தை முறை." மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறார். எதிரில் நிற்பவள் முகத்தில் சந்தேகம் தீருமுன் அடுத்த கேள்வி வந்து விழுகிறது: "இங்கேருந்து கடல் எந்தப் பக்கம்?"

எதிரில் நின்றவள் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். வீடும் அவளுடையதுதான், நான் மாடியில் குடியிருக்கிறேன். "அது பழைய மாமனாருங்க. விவாகரத்தாகி ஆறேழு வருசமாச்சு" என்றாள். பல்லத்தைக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. "மாமனார்ல என்னம்மா பழசு, புதுசு? கொண்டியை எடு, தோள் வலிக்குது."

அப்படித்தான் அவர் உள்ளே வந்தார். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு குடை. அறுபதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கும் பழக்கம். பழகாதவர்கள் காது கேளாதவர் என்று நினைத்துச் சத்தமாகப் பேசுவார்கள். காரணம் அதுவல்ல. அவர் பல் செட் செய்கிறவர்; பல்லத்தை என்ற பெயரும் அதனால் வந்ததுதான். ஒரு பல் மருத்துவமனையின் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், யாரோ கடித்துக் கொடுத்த அச்சுகளை வைத்துக்கொண்டு வருடம் முழுவதும் ஈறும் பல்லும் வார்க்கிறார். அந்த வாய்களின் சொந்தக்காரர்கள் ஒருவரையும் அவர் பார்ப்பதில்லை. அதனாலோ என்னவோ, வெளியே வந்தால் கண்ணில் பட்ட வாயையெல்லாம் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும், "நீங்க இடது பக்கமே மெல்றீங்க. வலது பக்கம் சும்மாதானே கெடக்கு?" என்று விசாரித்தார்.

வருடத்துக்கு ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். போகும் இடம் எப்போதும் ஒரு தூரத்து உறவினர் வீடு. மற்றவர்கள் சொந்தங்களைக் கல்யாணத்தாலும் சாவாலும் நினைவு வைத்திருக்கிறார்கள். இவர் வரைபடத்தால் நினைவு வைத்திருக்கிறார். ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையை முதலில் கண்டுபிடிப்பார். பிறகு அதன் அருகில் தமக்கு யாராவது சொந்தம் உண்டா என்று தேடுவார். தேடினால் கிடைக்கும். ஓரகத்தியின் தம்பி, சம்பந்தியின் சித்தி என்று நூல் பிடித்துக்கொண்டே போனால் எந்தக் கடலோரத்திலும் ஒரு வீட்டில் முடிகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. பக்கத்துத் தெருவில் இருக்கும் சொந்தத் தங்கை வீட்டுக்கு அவர் போய் எத்தனையோ காலமாகிறது. அங்கே கடல் இல்லை.

விடுதியில் தங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். "ஒத்தப் பொம்பளை ஆளில்லாத கரையில நின்னா, சாக வந்திருக்கான்னு நினைப்பாங்க. இல்ல, வேற எதுக்கோ வந்திருக்கான்னு நினைப்பாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தேன்னு சொல்லிப் பாருங்க, டீ வாங்கிக் குடுப்பாங்க" என்றார்.

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கரையில் ஓர் ஆண் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவனை இயற்கை ரசிகன் என்கிறோம். பெண் நின்றால் விலாசம் கேட்கிறோம். உலகத்தைச் சுற்றிவந்த மனிதர்கள் எழுதிய புத்தகங்கள் என் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அவர்களில் ஒருவராவது சித்தப்பா மகனின் மாமனார் வீட்டைக் காட்டிக் கடலைப் பார்க்க அனுமதி வாங்கியதாக நான் படித்ததில்லை.

விருந்தாளியாக அவர் பெரிய தொல்லை இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார். வீட்டில் உடைந்து கிடப்பதைக் கேட்டு வாங்கி, செயற்கை ஈறு செய்யும் பசையால் ஒட்டிக் கொடுப்பார். அதனால் கடலோர உறவினர் வீடுகளில் கைப்பிடி உடைந்த கோப்பைகளும் பிடி கழன்ற கத்திகளும் ரோஜா நிற ஈறோடு புழக்கத்தில் இருக்கின்றன. மாலையில் சும்மா உட்கார்ந்தால் கரைகளைப் பற்றிச் சொல்லுவார். ஓரிடத்தில் மணலே கிடையாதாம், எல்லாம் கூழாங்கல். அலை திரும்பும்போது அத்தனை கல்லும் சேர்ந்து உருளுகிற சத்தம், பல் இல்லாத ஆயிரம் பேர் பொரி மெல்லுவதுபோல் இருந்ததாம். இன்னோரிடத்தில் ஒரு முழு மரம், வேரோடு, எந்த நாட்டிலிருந்தோ மிதந்து வந்து கிடந்ததாம். அதன் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாராம். "அது எங்கேருந்து கிளம்புச்சுன்னு யாரும் அதைக் கேக்கல" என்றார்.

எங்கள் ஊரில் அவர் தேடி வந்த கரை, கற்பாறை முனைக்கு அப்பால் இருக்கிறது. சாலை கிடையாது. நீர் வற்றும் நேரத்தில் பாறையைச் சுற்றி நடந்து போய், நீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஊரில் அதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: அந்தக் கரை வருடத்துக்கு ஒரு ஆள் கேட்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் இதைப் பக்தியோடு சொன்னார். பல்லத்தை ஆர்வமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். யார் யாரைக் கேட்டது, எந்த மாதம், போகும்போது என்ன நிலையில் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். சொன்னவருக்குத் தெரிந்த அத்தனை பேரும் ஆண்கள். அத்தனை பேரும் குடித்துவிட்டுக் குளிக்க இறங்கியவர்கள். "அப்ப ஆள் கேட்டது கடல் இல்லைங்க, பாட்டில்" என்று முடித்தார். பிறகு வலை பின்னுகிறவர்களிடம் போய், நீர் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

கடைக்காரி இந்த ஊரிலேயே பிறந்தவள். அந்தப் பாறை முனையை அவள் தாண்டியதில்லை. சின்ன வயதில் போகக் கூடாது என்றார்கள். பெரியவளானதும் போக வேண்டும் என்று தோன்றாதபடி ஆகிவிட்டது.

இத்தனை வீடுகள் இருக்க, அறுந்துபோன இந்த உறவை ஏன் பிடித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. போன வருடம் ஒரு பாறையில் வழுக்கிக் கையில் கட்டோடு ஊர் திரும்பியிருக்கிறார். அவருடைய தம்பி, கடலோரத்தில் இருக்கும் எல்லா உறவினர்களையும் தொலைபேசியில் அழைத்து, அக்கா வந்தால் சாப்பாடு போட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடும்படி சொல்லி வைத்துவிட்டார். தம்பி கெட்டவர் அல்ல. அதுதான் சிக்கல். கெட்டவர்களை எதிர்த்து நிற்கலாம். அக்கறை என்ற பூட்டுக்கு எந்தச் சாவியைப் போடுவது? கடைசியில், தம்பி பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாத ஒரு சொந்தத்தைத் தேடியிருக்கிறார். குடும்பமே கைகழுவிவிட்ட மருமகள் ஞாபகத்துக்கு வந்திருக்கிறாள்.

அவளைக் கைகழுவிய கதையையும் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லை என்றார்கள். அவள் எல்லாப் பரிசோதனைகளும் செய்துகொண்டாள். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. கணவன் பரிசோதனைக்கு வர மறுத்தான். ஓர் ஆண் ஒரு சின்னக் குப்பியைக் கையில் வாங்க வெட்கப்பட்டதற்காக ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறினாள். அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள் அந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டன. கேட்டால், தேடுகிறோம் என்பார்கள். ஊரார் சான்றிதழ்களையெல்லாம் நாள் முழுக்கப் பிரதி எடுத்துக் கொடுக்கிறாள். தன்னுடையதைக் காட்டி ஒரு வேலைக்கு மனுப் போட முடியவில்லை.

பல்லத்தைக்குப் பொய் வராது. மூன்றாம் நாள் தம்பி அழைத்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டதும், "மருமக வீட்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். எந்த மருமகள் என்று கேட்டபோதுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மதியம் கடைத் தொலைபேசி அடித்தது. அழைத்தது தம்பி; அவருக்கு எண்ணைக் கொடுத்தது பழைய கணவன்தானாம். இத்தனை வருடம் அழைக்காதவன் எண்ணை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

அப்போது நான் கடையில் நின்றிருந்தேன். இயந்திரத்தில் காகிதம் சிக்கி, கடைக்காரியின் இரண்டு கைகளும் மையாக இருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசினாள். தம்பி மிகவும் பணிவாகப் பேசினார். நலம் விசாரித்தார். என்ன இருந்தாலும் நீ எங்கள் வீட்டுப் பெண் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்: "அக்காவைக் காலையில பஸ் ஏத்தி விட்டுடும்மா. கடல் பக்கம் மட்டும் விட்டுடாத. நீ இதைச் செஞ்சா, உன் சர்டிபிகேட்டையெல்லாம் நானே போய் வாங்கி அனுப்பி வைக்கிறேன்."

அதாவது, தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்ன சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

கடைக்காரி சிக்கிய காகிதத்தை மெதுவாக உருவிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து பல்லத்தை வெளியே வந்தார். கையில் துணிப்பை. குடையை அதற்குள் செருகிக்கொண்டிருந்தார். "நான் கிளம்புறேன் மருமகளே. கடல் அடுத்த வருசமும் இங்கதான் இருக்கும். உன் காகிதம் வரட்டும்" என்றார். மறுநாள் காலைதான் நீர் நன்றாக வற்றும் நாள் என்று வலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அவர் மூன்று நாள் காத்திருந்தார்.

கடைக்காரி மை படிந்த கையோடு அந்தப் பையை வாங்கி மேசைக்கு அடியில் தள்ளினாள். பிறகு தொலைபேசியைப் பார்த்துச் சொன்னாள். குரல் உயரவில்லை. "மாமா, சர்டிபிகேட் என்னோடது. அதுக்கு அத்தையை விலையாக் கேக்காதீங்க. அவங்க என் வீட்டு விருந்தாளி. வந்தவங்களை எங்க போகணும்னு கேப்போம். போகக் கூடாதுன்னு சொல்ற பழக்கம் இந்த வீட்ல இல்ல."

பல்லத்தை குனிந்து, தொலைபேசிக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோனார். "தம்பி, நீ ஒண்ணும் அலைய வேணாம். திரும்பி வர்ற வழியில சர்டிபிகேட்டை வச்சிருக்கிறவன் வீட்டுக்கு நானே போறேன். அவனும் எனக்குச் சொந்தக்காரன்தானே? அலமாரியைத் தொறக்கிற வரைக்கும் அங்கதான் இருப்பேன்னு சொல்லி வை." தொலைபேசியை வைத்ததும் எங்களைப் பார்த்து, "கடல் இல்லாத ஊருக்குப் போய்த் தங்கணும். தலையெழுத்து" என்றார். தலையெழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை; இருந்தாலும் அன்று அதை நான் எதிர்த்து வாதாடவில்லை.

மறுநாள் விடிந்ததும் தனியாகக் கிளம்பினார். துணைக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கடைக்காரி கேட்கவில்லை. ஆனால் அன்று எடுத்த பிரதிகளில் பாதி கோணலாக வந்தன. நானும் தேவையில்லாத காகிதங்களோடு இரண்டு முறை கீழே இறங்கி வந்தேன்.

மதியத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். இடுப்பு வரை நனைந்திருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது. கடை வாசல் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கடைக்காரி வெளியே வந்து பக்கத்தில் அமர்ந்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது. கடைசியில், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றார் பல்லத்தை. "ஒரு வீடு இல்ல, ஒரு ஆள் இல்ல, ஒரு சத்தம் இல்ல. நண்டுங்க மட்டும் நான் யாருன்னு ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு உள்ள போயிடுச்சு."

நனைந்த கான்வாஸ் ஷூவின் நாடாக்களை அவிழ்த்தார். தண்ணீரையும் மணலையும் படிக்கு வெளியே கொட்டினார். பிறகு ஒரு ஷூவை எடுத்து, கடைக்காரியின் வெறுங்காலுக்கு அருகில் குதிகாலுக்குக் குதிகால் ஒட்ட வைத்து, அவள் விரல் எதுவரை வருகிறது என்று கட்டைவிரலால் முனையை அழுத்திப் பார்த்தார்.