காத்தக்கா போட்ட பிளான்

அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அந்தப் படகுத்துறையில் ஒருவருக்கும் தெரியாது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் காத்தக்காதான். பவளப்பாறை பார்க்கக் கடலுக்கு அடியில் போகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டருக்குக் காற்றடைப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதே தகரக்கூரை அறை, அதே கம்ப்ரஸர், அதே காதைக் கிழிக்கும் சத்தம். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசியே அவள் குரல் தடித்துவிட்டது. வீட்டில் உப்பு டப்பாவை எடுத்துத் தரச் சொன்னால்கூடச் சண்டைக்கு இழுப்பது போலிருக்கும்.

அவசரப்பட்டு அடைத்தால் சிலிண்டர் சூடாகும். ஆறியதும் காற்று குறைந்து காட்டும். அதனால் உள்ளங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அடைப்பாள். அதற்கு முன்னால், திரும்பி வந்த சிலிண்டரில் காற்று மிச்சம் எவ்வளவு என்று மீட்டர் முள்ளைப் பார்ப்பாள். யார் பதறினார், யார் நிதானமாக மூச்சுவிட்டார் என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். முள் இருநூறு காட்டும்வரை அடைத்து அனுப்பினால் குறைந்தது ஐம்பது மிச்சத்தோடு படகேற வேண்டும் என்பது அவள் வேலை செய்யும் முக்குளிப்புக் கடையின் விதி. சிவப்பு நாடா ஒட்டிய சிலிண்டர் மட்டும் முப்பதிலும் இருபதிலும் வந்து நிற்கும். அது மாஸ்டருடையது. அங்கே இருப்பதிலேயே மூத்த வழிகாட்டி அவர்தான்.

நாற்பத்தொன்பதாவது வயதில் காத்தக்கா தானும் முக்குளிக்கக் கற்றுக்கொண்டாள். லீவு நாளில் வேறொரு கடைக்குப் போய், மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதி, தேறியதற்கு அட்டையும் வாங்கிவிட்டாள். வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? மேல இருக்கற காத்து போதலையா?"

"ஊருக்கெல்லாம் அடைச்சு அடைச்சு அலுத்துப்போச்சு. எனக்கும் ஒண்ணு அடைச்சுக்கறேன்."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆகாம இருக்கத்தான் பிளான் போடறாங்க. நீங்க பிளக்கைப் பிடுங்காமலா ஃபிரிட்ஜுக்குள்ள கையை விடறீங்க?"

ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்தே காலம் தள்ளிய மனிதர் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

முதலாளி பெரிய மனசு பண்ணினார். "போயிட்டு வாம்மா. மாஸ்டர் கையைப் பிடிச்சுக்க. படகுக் கயித்து ஓரமா பத்து நிமிஷம், ஒரு போட்டோ. போதும்ல?"

போதாது. பதினெட்டு மீட்டர் ஆழத்தில், நாலு பேர் அடியில் நிற்கிற அளவுக்கு விரிந்த ஒரு குடைப் பவளம் இருக்கிறது. பார்த்துவிட்டு வருகிறவர்கள் உடம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் அறை வாசலில் நின்றுதான் அதன் அழகை அளப்பார்கள். அவளுக்கு அதைப் பார்த்தாக வேண்டும். அதுமட்டுமில்லை. அட்டை வைத்திருக்கிற யாரும் தன் முக்குளிப்பைத் தானே திட்டமிட்டுக் கடைப்பலகையில் எழுதலாம். எழுதியதற்குக் கூடப் போகிறவர் கட்டுப்பட வேண்டும். காற்றடைக்கிறவள் எழுதினாலும் அது செல்லுமா? அவளுக்குத் தெரிய வேண்டியது இதுதான்.

காலையில் பலகையில் எழுதினாள். ஆழம் பதினெட்டு. துணை, மாஸ்டர். காற்றில் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. இருவரில் யாருடைய முள் முதலில் நூற்று முப்பதைத் தொடுகிறதோ, தொட்ட இடத்திலேயே திரும்ப வேண்டும்.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "நூத்தி முப்பதா? எல்லாரும் நூறுலதான் திரும்பறோம். உன் கணக்குக்குக் குடை வரைக்கும் போகவே முடியாது. தண்ணி பாரு, கண்ணாடி மாதிரி, வெதுவெதுன்னு இருக்கு. இதுக்குப் போயி..."

"அதான் மாஸ்டர் வம்பே. குளிருச்சுன்னா உடம்பே கிளம்புன்னு சொல்லும். இந்தத் தண்ணி ஒண்ணும் சொல்லாது."

"புது ஆளு, பயத்துல காத்து சீக்கிரம் தீந்துடும்னு பாக்கறியா?"

"என் காத்தைப் பத்திக் கவலையில்ல. உங்க காத்தைப் பத்தித்தான். உங்க சிலிண்டர் என்னைக்காவது ஐம்பதோட வந்திருக்கா?"

படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மாஸ்டர் முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஒன்றும் பொல்லாதவர் இல்லை. அவர் தொழில் அப்படி. வருகிறவர்களிடம் எவ்வளவு இருக்கு, எவ்வளவு இருக்கு என்று கேட்டுக் கேட்டே தன் முள்ளைப் பார்க்க மறந்துபோனவர். புதியவர்கள்தான் முதலில் காற்றைத் தீர்ப்பார்கள், தனக்கு எப்போதும் மிச்சமிருக்கும் என்று இளவயதில் பழகிய பழக்கம். நடுவில் தொப்பை போட்டு, மூச்சுக்குச் செலவாகும் காற்று கூடிப்போனது அவருக்கு உறைக்கவில்லை.

முதலாளி குறுக்கே வந்தார். "ஏம்மா, இருபது வருஷ ஆளுக்கு நீ பாடம் எடுக்கறியா? அழிச்சுட்டு நூறுன்னு போடு."

"அழிச்சா இறங்க மாட்டேன். நாளையிலேருந்து அடைக்கவும் மாட்டேன். நீங்களே அடைச்சுக்குங்க."

கம்ப்ரஸரை எந்தப் பக்கம் திருகுவது என்றுகூட முதலாளிக்குத் தெரியாது. நூற்று முப்பது பலகையிலேயே இருந்தது. முதலாளி முனகிக்கொண்டே படகைக் கிளப்பினார்.

கீழே இறங்கியதும் சத்தம் நின்றது. பதினெட்டு வருஷக் கம்ப்ரஸர் சத்தம் போய், தன் மூச்சை மட்டும் கேட்டாள், அதுவும் இந்தமுறை தானே அடைத்த காற்று. சந்தோஷத்தில் அழுகை முட்டியது. முகக்கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாதே என்று அடக்கிக்கொண்டாள். பவளச் சுவரை ஒட்டி நீந்தினார்கள். நாலைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாஸ்டரின் காற்று மீட்டரை அவளே இழுத்துப் பார்த்தாள். அவருக்கு எரிச்சல் என்பது கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

குடை தெரிந்தது. முப்பதடி தூரத்தில், சொன்னதைவிடப் பெரிதாக, கீழே மீன்கள் ஒதுங்கி நிற்க. காத்தக்கா தன் முள்ளைப் பார்த்தாள்: நூற்று ஐம்பத்தைந்து. அவர் மீட்டரை இழுத்தாள்: நூற்று முப்பது.

கட்டைவிரலை உயர்த்தினாள். கடலுக்கடியில் அதை யார் காட்டினாலும் முக்குளிப்பு முடிந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது.

மாஸ்டர் தலையை ஆட்டி மறுத்தார். குடையைக் காட்டினார். இரண்டு விரல் நீட்டினார், இரண்டே நிமிஷம். உண்மையாகவே அவளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். அவளுக்கும் சபலம் தட்டியது. இரண்டு நிமிஷம்தானே? ஆனால் அந்தக் குடையைப் பார்த்தவர் எவரும் இரண்டு நிமிஷத்தில் திரும்பியதாக அவள் கேட்டதில்லை. விரலை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுபோய் நீட்டினாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு குடையைப் பார்த்து நீந்தினார். அவள் அசையவில்லை. துணையை விட்டுவிட்டு எந்த வழிகாட்டியும் போக முடியாது. ஐந்தாறு உதை தூரம் போய்விட்டு, கடுகடுவென்று திரும்பி வந்தார்.

திரும்பும் வழியில் நீரோட்டம் எதிராக மாறியிருந்தது. உதைத்து உதைத்துக் கால் கடுத்தது. படகுக் கயிற்றைப் பிடித்தபோது மாஸ்டர் தன் மீட்டரைத் தன் கையாலேயே எடுத்தார். மேலே ஏறும்வரை அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னம்மா, குடை பாத்தியா?" என்றார் முதலாளி.

"கிட்டப் போகல. முப்பதடிக்கு முன்னாலயே திரும்பிட்டேன்."

"முப்பதடியா? கடைசில பயந்துட்டியா! இதுக்கா காலைல அந்த ஆர்ப்பாட்டம்?" படகில் எல்லாரும் சிரித்தார்கள். காத்தக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. அவள் வாயெடுப்பதற்குள் மாஸ்டர் தன் மீட்டரை முதலாளி மூக்குக்கு நேரே நீட்டினார்.

"முப்பத்தஞ்சு. குடைக்குப் போயிருந்தா இந்த நீரோட்டத்துல நான் வந்து சேந்திருக்க மாட்டேன். போலாம் போலாம்னு சொன்னது நான்."

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "அவ்வளவு கிட்டப் போயிட்டு எப்படித் திரும்பினே?"

"குடை எங்கயும் போயிடாது. நீங்களும் இருக்கணும்ல?" என்றாள். "நாளைக்குப் பெரிய சிலிண்டர் அடைச்சுத் தரேன். பிளான் நான்தான் போடுவேன்."

முதலாளி என்னவோ சொல்ல வந்தார். மாஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று காத்தக்காவிடம் கேட்டார்.